தேவதைக் கதையும் கூறைப் புடவையும்

கூட்டுறவு விற்பனை நிலையங்களுக்குக் கல்யாணப் புடவை பார்க்க வரும் பெண்கள், முன்பு யாரும் கேளாத ஒரு கேள்வியை இப்போது கேட்கிறார்கள். "கதையில் வரும் இளவரசியைப் போல் இருக்க வேண்டும்; அதற்கு ஏற்றது என்ன இருக்கிறது?" என்பதே அது. தாயார் அரக்குச் சிவப்பில் கை வைப்பார். மகளோ கைபேசியில் ஒரு வெள்ளைக் கவுனின் படத்தைக் காட்டுவாள். பாளையங்கோட்டை, நாசரேத், திசையன்விளைப் பக்கங்களில் கிறிஸ்தவக் குடும்பங்களிடம் காணப்பட்ட இவ்விருப்பம், இன்று வரவேற்பு வைபவத்தின் பொருட்டு ஏனைய குடும்பங்களிலும் தலைகாட்டுகிறது. விற்பனையாளர், "அது நம்மிடம் கிடையாது அம்மா" என்று கூறி அனுப்பிவிடுகிறார். அந்தப் பதில் பிழையானது என்பது என் அபிப்பிராயம். ஒரு கல்யாணப் புடவை கைநழுவினால் ஒரு தறிக்கு ஏறத்தாழ இரண்டு வார வேலை நழுவிற்று என்பதை அங்கத்தினர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

முதற்கண், கதையின் உடை எது என்று பார்ப்போம். சிண்டரெல்லா கதையைப் பிரெஞ்சு மொழியில் சார்லஸ் பெரோ 1697-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அதில் தேவதை அப்பெண்ணுக்கு அளித்த உடை வெள்ளைக் கவுன் அன்று. பொன்னிழையும் வெள்ளியிழையும் கொண்டு நெய்து, மணிகள் பதித்த ஆடை. அதாவது நாம் சரிகைத் துணி என்று சொல்கிறோமே, அதுவே! இன்று பெண்கள் மனத்தில் பதிந்திருக்கும் உருவம் பெரும்பாலும் 1950-இல் வெளிவந்த டிஸ்னி சித்திரப் படத்தின் வழியே வந்தது.

வெள்ளை நிறத்திற்குரிய காரணம் வேறு. இங்கிலாந்தின் விக்டோரியா அரசி 1840 பிப்ரவரி 10-ஆம் தேதி மணம் புரிந்தபோது வெண்பட்டு உடுத்தினார். அதுகாறும் அரச குடும்பத்து மணமகளிர் வெள்ளிச் சரிகைத் துணி உடுத்துவதே பெருவழக்கு. விக்டோரியாவின் பட்டு லண்டன் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவாளர் நெய்தது. அதன்மேல் அணிந்த லேஸ், டெவன் பகுதியில் பீர் என்னும் சிற்றூரைச் சார்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கையால் பின்னியது. இயந்திர லேஸ் வந்து அவர்கள் தொழில் நசிந்து கொண்டிருந்த காலம் அது. அத்தொழிலுக்கு ஆதரவாகவே அரசி அதைத் தேர்ந்தார். அந்த லேஸ் எடுப்பாகத் தெரிய வெள்ளை உகந்ததாயிற்று. ஆக, உலகெங்கும் பரவிய வெள்ளைக் கல்யாண உடையின் தோற்றுவாயில் நிற்பது கைத்தறியும் கைவேலையுமே. இன்று கடைகளில் தொங்கும் பாலியெஸ்டர் கவுனை வாங்குவோர் இவ்வரலாற்றை அறியார்.

பட்டு வளர்ப்போருக்குச் சுவைதரும் செய்தி ஒன்றும் உண்டு. 1947-இல் இளவரசி எலிசபெத்தின் திருமண உடை தயாரானபோது, போர் முடிந்து நெடுநாள் ஆகவில்லை. பட்டுப்புழுக்கள் பகைநாடான இத்தாலியைச் சேர்ந்தவையோ ஜப்பானைச் சேர்ந்தவையோ என்ற கேள்வி எழ, அவை சீனத்துப் புழுக்களே என்று தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று! புழு எவ்வூரது என்று கேட்ட நாடு அது. நூல் எந்தச் சங்கத்தினது என்று கேட்கும் வழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

நம் பள்ளத்தாக்கிற்கு வருவோம். திருநெல்வேலித் திருமண்டலத்து மணமகள் கவுனையே உடுத்தியாக வேண்டும் என்ற விதி எக்காலத்தும் இருந்ததில்லை. வெள்ளை அல்லது தந்த நிறப் பட்டுப்புடவை, தலையில் மெல்லிய முக்காட்டு வலை, சிறு பூமுடி, கழுத்தில் தாலி என்று இங்குள்ளோர் தமக்கென ஒரு கோலத்தை அமைத்துக் கொண்டார்கள். பல வீடுகளில் ஆராதனை முடிந்ததும் மணமகள் வண்ணக் கூறைக்கு மாறுவாள். என் கண்ணுக்கு இதைவிட அழகிய மணக்கோலம் தென்பட்டதில்லை. அந்த முக்காட்டு வலைக்கும் இம்மண்ணில் வேர் உண்டு. நாகர்கோவிலில் லேஸ் பின்னலை வளர்த்த மால்ட் தம்பதியரின் புதல்வி எலைசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்து, அவ்வூர்ப் பெண்களுக்கும் அத்தொழிலைக் கற்பித்தார். ஆகவே முக்காட்டிற்கு இயந்திர வலை வாங்குமுன், கையால் பின்னிய ஓரம் கிடைக்குமா என்று விசாரித்தல் நன்று.

கனவுத் திருமணம் நமக்குப் புதிதா என்ன? ஸ்ரீவில்லிபுத்தூர் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அவ்வூர் ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் கண்ட கனவில், மணமகளுக்குக் கூறை உடுத்தி மாலை சூட்டுகிறவள் துர்க்கையே. தேவதை வந்து அலங்கரிப்பது நம் கதையிலும் உண்டு.

இனித் தேர்வு முறை. வெண்பட்டு என்றால் சுண்ணாம்பு வெண்மை என்று கருதலாகாது. பட்டின் பசை நீங்கும்போது எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறையும். எஞ்சும் இழை இயல்பாகவே பாலேட்டு நிறம் கொண்டது. அதை அளவு மீறி வெளுத்தால் இழை வலுவிழக்கும். மாநிறத்திற்கும் கறுப்பிற்கும் இந்தப் பாலேட்டு நிறம் பொருந்துவதுபோல் பளீர் வெள்ளை பொருந்துவதில்லை என்பது என் துணிபு. வெண்பட்டுக் கூட்டு நூலாயின் இன்னும் உத்தமம். தென்காசி வட்டாரத்தில் முசுக்கொட்டை பயிரிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

வெள்ளை உடலும் வண்ணக் கரையும் வேண்டுமெனில் கோர்வைப் புடவையே கேட்டு வாங்குக. உடலுக்கும் இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா ஓடுவதால் கரையின் நிறம் உடலில் கலவாது. வெண்மை தூய்மையாக நிற்கும். காஞ்சிபுரம் பட்டு முப்புரி நூலால் கனமானது. கத்திரி வெயிலில் கல்யாணம் என்றால் ஆரணிப் பட்டின் இலேசு உதவும். பாலியெஸ்டர் உள்துணியும் வலைகளும் அடுக்கிய கவுனை வைகாசி மாதத்தில் மூன்று மணி நேரம் அணிந்திருக்கும் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கவுனே வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவளுக்கும் வழி உண்டு: கைத்தறிப் பட்டை மீட்டர் கணக்கில் வாங்கித் தைத்துக் கொள்ளட்டும். கசங்காத நெசவாகப் பார்க்கட்டும். 1981-இல் டயானா உடுத்திய டாபெட்டா பட்டு, வண்டியிலிருந்து இறங்கியபோது கசங்கிப் போயிருந்ததை உலகமே பார்த்தது.

சரிகை விஷயத்தில்தான் ஏமாற்றம் மிகுதி. அசல் சரிகை என்பது பட்டிழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன்முலாம் இட்டது. போலியில் வெள்ளிக்குப் பதில் செம்பு இருக்கும். உரைகல்லில் தேய்த்தால் வெள்ளியின் வெண்கோடு விழும். செம்பானால் சிவந்த கோடு காட்டிக் கொடுக்கும். பட்டிழை எரிந்தால் மயிர் கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகி மணியாகக் கட்டிக்கொள்ளும். நானறிந்த ஒரு குடும்பத்தினர், ஒரு தனியார் கடையில் அசல் சரிகை என்று நம்பி வாங்கிய புடவை, ஆண்டு திரும்புமுன் கரை கறுத்துப் போயிற்று. முறையிடச் சென்றபோது ரசீதில் 'புடவை ஒன்று' என்பதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. 2004-இல் வந்த சில்க் மார்க் பட்டுக்கு அத்தாட்சி. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை தறிக்கு அத்தாட்சி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. சரிகைக்கு உரைகல்லே சாட்சி.

வரவேற்பிற்கென்று ஒரு புடவை தேடுவோர் சென்னைக்கு ஓட வேண்டுவதில்லை. வீரவநல்லூரில் சௌராஷ்டிர நெசவாளர் நெய்யும் செடிபுட்டாப் புடவை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. செடியும் பூவுமாக ஒவ்வொரு புட்டாவையும் நெய்யும்போதே கையால் இழை கோத்து எழுப்புகிறார்கள். கதைப் புத்தகத்துத் தோட்டம் போலிருக்கும். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: அது செயற்கைப் பட்டும் பருத்தியும் கலந்தது. அசல் பட்டு என்று எந்த விற்பனையாளரும் சொல்லலாகாது. அதன் பெருமை நூலில் இல்லை, நெய்பவர் விரலில் இருக்கிறது. அதைச் சொல்லி விற்பதற்கு என்ன தயக்கம்?

நகை விஷயத்தை வீட்டுப் பெரியவர்களிடம் விட்டுவிடுகிறேன். தலைக்கு மட்டும் கண்ணாடிக் கிரீடம் வேண்டா. விக்டோரியாவே அன்று கிரீடத்தை விட்டு ஆரஞ்சு மலர்ச் சரத்தைத்தான் சூடினார். நமக்கு மல்லிகைக்குப் பஞ்சமில்லை. மாலைக்குத் தோவாளை இருக்கிறது. அவ்வூர் மாணிக்கமாலை 2025-இல் புவிசார் குறியீடு பெற்றது.

மணம் முடிந்தபின் புடவையை நிழலில் ஆற்றி, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். அந்துருண்டை சரிகையைக் கறுக்கச் செய்யும், அத்தரும் அப்படியே. சில மாதங்களுக்கொரு முறை மடிப்பை மாற்றுவது அவசியம். வெண்பட்டில் மடிப்பு வழியே மஞ்சள் ஏறும்.

சங்கத்தில் சொல்லி நெய்விப்பதாயின் இரண்டு மாதம் முன்னதாகவே வருக. பாவு போட்டபின் நிறம் மாற்ற இயலாது. நிறத்துண்டு, கரையின் அகலம், சரிகையின் தரம், முகூர்த்தத் தேதி ஆகிய நான்கையும் ஆர்டர் புத்தகத்தில் எழுதச் செய்து, காரியதரிசியின் கையொப்பத்துடன் ரசீது பெற்றுக் கொள்க.