ஒரு நகரின் உயிரும் இரண்டு கப்பல்களும்: ஏதென்ஸ் மாற்றிக்கொண்ட முடிவு

கி.மு. 427-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரின் மக்கள் அவை, தனக்கு எதிராகக் கிளர்ந்த மிட்டிலீன் நகரின் வயதுவந்த ஆண்கள் அனைவரையும் கொல்லத் தீர்மானித்தது. மறுநாளே அதே அவை மீண்டும் கூடி அத்தீர்மானத்தை மாற்றிக்கொண்டது. பண்டைய கிரேக்கம் உலகுக்கு அளித்த கொடையாகக் கருதப்படும் மக்களாட்சியின் வலிமை, பலவீனம் ஆகிய இரண்டையும் அந்த இரண்டு நாட்களில் காண முடிகிறது.

கிளர்ச்சியும் சினமும்

லெஸ்பாஸ் தீவிலுள்ள மிட்டிலீன், ஏதென்ஸ் தலைமையிலான கூட்டணியில் இடம்பெற்றிருந்தது. பெரும்பாலான உறுப்பு நகரங்கள் திறை செலுத்திவந்த நிலையில், சொந்தக் கடற்படை வைத்துக்கொள்ளும் சலுகை அதற்கு இருந்தது. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே கி.மு. 431-இல் மூண்ட பெலோபொனேசியப் போரின்போது, கி.மு. 428-இல், அந்நகரை ஆண்ட செல்வர் குழுவினர் கிளர்ச்சியைத் தொடங்கினர். ஸ்பார்ட்டாவின் உதவி உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. உணவு தீர்ந்த நிலையில், மறு ஆண்டில் ஏதென்ஸ் தளபதி பாக்கீஸிடம் நகரம் சரணடைந்தது.

கொள்ளைநோயில் பல்லாயிரம் பேரையும், கி.மு. 429-இல் தலைவர் பெரிக்கிளீஸையும் இழந்திருந்த ஏதென்ஸ் மக்கள் கடும் சினத்தில் இருந்தனர். ஆண்களைக் கொல்லவும், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கவும் அவை வாக்களித்தது. ஆணையுடன் ஒரு போர்க்கப்பல் உடனே புறப்பட்டது.

இரண்டாவது விவாதம்

மறுநாள் பலருக்கும் அம்முடிவு மிகக் கொடியதாகத் தோன்றியது. அவை மீண்டும் கூட்டப்பட்டது. அன்றைய விவாதத்தை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் விரிவாகப் பதிவு செய்துள்ளார். பேசியவர்களின் கருத்தைத் தழுவி, சூழலுக்குப் பொருத்தமான சொற்களில் உரைகளைத் தாம் அமைத்ததாக அவரே தமது நூலில் குறிப்பிடுகிறார்.

முதல் நாள் தீர்மானத்தைக் கொண்டுவந்த கிளியோன், முடிவை மாற்றக் கூடாது என்று வாதிட்டார். பிற நகரங்களை அடக்கி ஆளும் திறன் மக்களாட்சிக்கு இல்லை என்றும், இரக்கம் பேரரசுக்குக் கேடு என்றும் அவர் கூறினார்.

அவருக்குப் பதிலளித்த டயோடோட்டஸ் இரக்கத்தின் பெயரால் பேசவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஏதென்ஸின் நலன் எது என்பதே அவருடைய கேள்வி. மரண தண்டனைக்கு அஞ்சி மனிதர்கள் குற்றம் செய்யாமல் இருந்ததில்லை; சரணடைந்தாலும் சாவுதான் என்று தெரிந்தால் இனிக் கிளரும் நகரங்கள் இறுதிவரை போரிடும்; எங்கும் ஏதென்ஸை ஆதரிக்கும் எளிய மக்களும் பகைவராவர் என்று அவர் எடுத்துரைத்தார்.

உயர்ந்த கைகளின் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமாக இருந்தது. இறுதியில் டயோடோட்டஸின் கருத்து வென்றது.

ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் முன்னதாகச் சென்றுவிட்ட கப்பலைத் தொடர்ந்து இரண்டாவது கப்பல் விரைந்தது. துடுப்பு வலித்தோர், மதுவும் எண்ணெயும் கலந்து பிசைந்த பார்லி மாவைத் துடுப்பை விடாமலே உண்டனர், முறைவைத்து உறங்கினர். கொடிய பணியைச் சுமந்த முதல் கப்பலோ மெதுவாகவே சென்றிருந்தது. பாக்கீஸ் ஆணையைப் படித்து, அதை நிறைவேற்ற ஆயத்தமான வேளையில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது.

மீட்பின் எல்லை

இது முழுமையான மன்னிப்பு அன்று. கிளர்ச்சிக்குக் காரணமானவர்கள் எனக் கருதப்பட்டோர் கிளியோனின் முன்மொழிவின்படி கொல்லப்பட்டனர். அவர்கள் ஆயிரத்துக்கும் சற்று அதிகமானோர் என்கிறது துசிடிடீஸின் நூல். இந்த எண்ணிக்கையைச் சில ஆய்வாளர்கள் ஐயுறுகின்றனர். நகரின் மதில்கள் இடிக்கப்பட்டன; நிலங்கள் பறிக்கப்பட்டு ஏதென்ஸ் குடிமக்களுக்குப் பங்கிடப்பட்டன. முடிவெடுத்த அவையிலும் பெண்களுக்கோ, அடிமைகளுக்கோ, அங்கு குடியேறி வாழ்ந்த வெளியூராருக்கோ இடம் இருக்கவில்லை.

பின்னாளில் இத்தகைய மறுசிந்தனை எப்போதும் வாய்க்கவில்லை. கி.மு. 416-இல் பணிய மறுத்த மீலோஸ் தீவை ஏதென்ஸ் முற்றுகையிட்டது. தீவு சரணடைந்தபின் ஆண்கள் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக்கப்பட்டனர். அங்கு இரண்டாவது கப்பல் செல்லவில்லை. கி.மு. 406-இல் அர்கினூசே கடற்போரில் வென்ற தளபதிகள், மூழ்கிய கப்பல்களில் தவித்த வீரர்களைக் காப்பாற்றவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்டனர். எட்டுப் பேர் மீதும் ஒரே வாக்கெடுப்பில் தீர்ப்பளிக்கப்பட்டது. நகரில் இருந்த ஆறு பேர் கொல்லப்பட்டனர். இது சட்டத்துக்குப் புறம்பானது என்று எதிர்த்தவர்களுள் சாக்ரட்டீஸும் ஒருவர். மக்கள் பின்னர் வருந்தினர். ஆனால் காலம் கடந்திருந்தது.

போரில் தோற்று, முப்பதின்மர் குழுவின் கொடுங்கோலாட்சியையும் கண்ட ஏதென்ஸில், கி.மு. 403-இல் மக்களாட்சி மீண்டது. அவையில் அன்றாடம் நிறைவேறும் தீர்மானம் எதுவும் நிலையான சட்டத்தை மீறக் கூடாது என்ற விதி அப்போது வலியுறுத்தப்பட்டது. புதிய சட்டம் இயற்றுவதற்கும் தனி நடைமுறை வகுக்கப்பட்டது.

இந்த ஏற்பாடும் பிழைகளை முற்றிலும் தடுக்கவில்லை. கி.மு. 399-இல் சாக்ரட்டீஸுக்கு மரண தண்டனை விதித்ததும் இதே மக்களாட்சியின் நீதிமன்றமே. எனினும், பெரும்பான்மையின் சினத்துக்கும் அதன் முடிவுக்கும் இடையே சற்றுக் கால இடைவெளி தேவை என்பதை ஏதென்ஸ் தன் அனுபவத்தில் கற்றிருந்தது. மிட்டிலீனைப் பொறுத்தவரை, ஒரு நகரத்து மக்களின் உயிரைக் காத்தது அந்த ஒரு நாள் இடைவெளிதான்.