கணினி தமிழை எப்படி எண்ணுகிறது?

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? மூன்றாம் வகுப்புக் குழந்தை ‘மூன்று’ என்று சொல்லிவிடும். பல கணினி நிரல்கள் ‘ஐந்து’ என்கின்றன. மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட நான் அன்றாடம் பார்க்கும் வேறுபாடு இது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொது ஏற்பாடே யூனிகோடு எனும் ஒருங்குறி. இதில் நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் இல்லை. உயிரெழுத்துகள், ஆய்தம், அகரமேறிய மெய்கள், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே எண் உண்டு. எனவே ‘தமிழ்’ என்பது கணினிக்குள் 2980 (த), 2990 (ம), 3007 (இகரக் குறி), 2996 (ழ), 3021 (புள்ளி) என்று ஐந்து எண்களாக இருக்கிறது.

இலக்கணப்படி ‘க்’ என்ற மெய்யுடன் உயிர் சேர்ந்து ‘க’ பிறக்கிறது. ஒருங்குறியிலோ ‘க’ அடிப்படை; அதனுடன் புள்ளி சேர்ந்தால்தான் ‘க்’.

இது பள்ளிப் பதிவேட்டையும் தொடுகிறது. ‘கௌதம்’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ‘கௌ’ என்பதில் க, ஔகாரக் குறி என இரண்டு எண்கள். பலர் ஒற்றைக்கொம்பு, க, அடுத்து ‘ள’ என்று தட்டச்சு செய்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும். கணினிக்கு இரண்டாவது, ‘கெ’, ‘ள’ என்ற இரண்டு எழுத்துகள். ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும் மாணவனின் பெயரை அங்கே சரியாகத் தட்டச்சு செய்து தேடினால், ‘இல்லை’ என்றே விடை வரும். புதிதாகப் பதிந்தால் ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவுகள் ஆகிவிடும். பின்னாளில் சான்றிதழ் கேட்டு அலைவது அந்தப் பிள்ளைதான்.

அகரவரிசையிலும் இதே சிக்கல் உண்டு. ஒருங்குறியில் ‘ந’வுக்கு அடுத்த எண் ‘ன’வுக்கு, அதற்கடுத்தது ‘ப’. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் ‘அன்பு’வை ‘அப்பு’வுக்கு முன்னால் வைக்கும். நம் அகராதியில் ‘ன’ கடைசி மெய். அதனால் ‘அப்பு’தான் முன்னால் வரவேண்டும். தமிழ் வரிசையைச் சொல்லிக்கொடுத்து எழுதிய நிரலே இதைச் சரியாகச் செய்யும்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை எளியவை. தமிழ்99 விசைப்பலகையில் ‘க’வையும் ‘ஔ’வையும் அடுத்தடுத்து அழுத்தினால் சரியான ‘கௌ’ கிடைக்கும். ஒரு பெயர் தேடலில் அகப்படாவிட்டால், புதிதாகப் பதிவதற்கு முன் பிறந்த தேதியைக் கொண்டும் தேடிப் பாருங்கள். பெயர்ப்பட்டியலைக் கணினி அடுக்கித் தந்தாலும் ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள்.

வகுப்பறையில் இதை ஒரு விளையாட்டாகவும் ஆக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் பெயரை இலக்கண முறையில் ஒருமுறையும், கணினி முறையில் ஒருமுறையும் எண்ணட்டும். ‘மாலதி’ என்பவர் 3, 5 என்பார். ‘கமல’ என்பவருக்கு இரண்டும் 3. ஏன் என்று கேளுங்கள். உயிர்மெய்ப் பாடமும் கணினிப் பாடமும் ஒரே நேரத்தில் நடந்துவிடும்.