வயலில் பெயர், அளத்தில் எடை

மரக்காணத்துக் குடியானவருக்கு வருஷத்தில் இரண்டு பிழைப்பு. ஐப்பசி மழையில் ஏரி ததும்பியதும் வயலில் இறங்குவார். தையில் அறுத்து, களத்தில் தூற்றி, வைக்கோல் போர் போட்டு முடித்த கையோடு உப்பளத்துக்குப் போய்விடுவார். பாத்தியின் சேற்றை மிதித்து இறுக்கி, கழிமுகத்து நீரைக் கட்டி, வெயில் குடித்தது போக மிச்சத்தைப் பலகையால் வாருவார். நெல்லுக்கு அவர் வேண்டிக்கொள்ளும் மழை, அளத்தில் குவிந்து கிடப்பதைக் கரைத்துவிடும். வானத்திடம் இரண்டு விதமாக வேண்டிக்கொண்ட வாழ்க்கை அது.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இப்படிப் பிழைத்த ஒரு பூட்டனை இன்று காகிதத்தில் தேடினால், ஒரே ஆள் இரண்டு ஆளாகக் கிடைப்பார். வயல் கணக்கில் அவருக்குப் பெயர் இருக்கும், பட்டா எண் இருக்கும், தீர்வை இருக்கும். உப்புக் கணக்கில் பெரும்பாலும் எடைதான் இருக்கும்.

கர்ணம் எழுதியது

இந்தக் கரை அன்று தென்னார்க்காடு ஜில்லா, திண்டிவனம் தாலுகா. கலெக்டர் கடலூரில் இருந்தார். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். அதனால் மரக்காணத்துப் பூட்டனைத் தேடுகிறவர் திண்டிவனம், கடலூர், விழுப்புரம் மூன்று ஊர்ப் பதிவறைகளையும், சென்னை எழும்பூரில் 1909இல் எழுந்த ஆவணக் காப்பகத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊர் இருந்த இடத்தில் இருக்க, காகிதம் மட்டும் நாலு ஊருக்குப் போயிருக்கிறது.

முதலில் கேட்க வேண்டியது பழைய செட்டில்மெண்ட் பதிவேடு. ரயத்துவாரி முறையில் அரசு ஜமீன்தாரிடம் மொத்தமாக வாங்காமல் ஒவ்வொரு குடியானவரிடமும் நேராகத் தீர்வை வாங்கியது. வாங்க வேண்டுமானால் ஒவ்வொருவர் பெயரும் வேண்டும். அந்தத் தேவை இன்று நமக்கு உதவுகிறது. பதிவேட்டின் ஒரு வரியை இடமிருந்து வலமாகப் படித்தால், சர்வே எண், அதற்கு முந்தைய அளவையான பைமாஷின் எண், சர்க்கார் நிலமா இனாமா, நஞ்சையா புஞ்சையா, பாசனம் எந்த ஏரியில், அது எத்தனையாம் வகுப்பு, மண் என்ன ரகம், என்ன தரம், ஏக்கருக்கு என்ன விகிதம், பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்று வந்து, கடைசியில் பட்டாதாரர் பெயர் நிற்கும்.

படிக்கத் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரி போதும். பாசன ஏரி தாழ்ந்த வகுப்பு என்றால், அது பாதி வருஷம்கூடத் தண்ணீர் தாங்காத ஏரி. அவர் அளத்துக்குப் போக அதுவே காரணமாக இருந்திருக்கலாம். ஒரே பட்டாவில் நாலு பெயர் என்றால் அண்ணன் தம்பிகள் இன்னும் பாகம் பிரியவில்லை. ஏறத்தாழ முப்பது வருஷம் கழித்து நடந்த மறு செட்டில்மெண்டில் அதே எண்ணுக்குக் கீழே 1, 2, 3 என்று உட்பிரிவு விழுந்திருந்தால், நடுவில் ஒரு சாவும் ஒரு பாகப்பிரிவினையும் நடந்திருக்கின்றன. ஆண் பெயர் இருந்த இடத்தில் பெண் பெயர் வந்திருந்தால், அநேகமாக அவள் கைம்பெண். புல வரைபடத்தைப் பக்கத்தில் விரித்தால் 66 அடிச் சங்கிலி போட்டு அளந்த வரப்புகள் தெரியும். பக்கத்து வயல்காரர் பங்காளியா மாமன் வீட்டாரா என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இதெல்லாம் நிலம் இருந்தவருக்கு. படியாளாக இருந்தவரும் வாரத்துக்கு உழுதவரும் இந்தப் புத்தகத்தில் இல்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையும் அந்த வெற்றிடத்தில் ஒரு சிறு திறப்பு. ஒடுக்கப்பட்ட குடும்பம் ஒன்று தன் முன்னோரின் பெயரைப் பட்டாவில் முதன்முதலாகப் பார்ப்பது பல ஊர்களில் அதற்குப் பிறகுதான்.

இத்தனை கணக்கும் ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம் வீட்டுத் திண்ணையில் இருந்தது. வேலை தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போயிற்று. கூடவே கணக்குக் கட்டும் போயிற்று. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. ஊரின் நினைவு ஒரு வீட்டின் சொத்தாக இருந்தது அத்தோடு முடிந்தது. எந்தப் பழைய எண் யாருடைய வயல் என்று வாயால் சொல்லக்கூடிய ஆளும் அத்தோடு போனார்.

உப்புச் சர்க்கார் எழுதியது

இந்த ஊர் உப்பு நேற்று வந்ததில்லை. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பளங்கள் வருகின்றன. ஆனால் அளத்தில் நின்ற குடியானவரைச் சர்க்கார் கணக்கு தொட்டது 1805க்குப் பிறகு. அந்த வருஷம் சென்னை மாகாணத்தில் உப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக்கியது. விளைவித்ததைக் குடியானவர் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும். அதற்குக் கரிசைக்கு இவ்வளவு என்று குடிவாரம் கிடைக்கும். ஒரு கரிசை 120 மணங்கு. அதே கரிசையைக் கம்பெனி 70 ரூபாய்க்கு விற்றது. 1809இல் 105 ஆக்கியது. பின்னால் கலால் முறை வந்தபோது உரிமம் பெற்றவர் உப்பை விற்கலாம், வரி கட்டிய பிறகு.

வயல் கணக்கில் தனித்தனியாக எழுதப்பட்டவர்கள் உப்புக் கணக்கில் கரிசைகளாக, மணங்குகளாகச் சேர்ந்து கரைந்துபோனார்கள். செட்டில்மெண்ட் பதிவேட்டில் அளத்து நிலமே சர்க்காருடையது என்று எழுதியிருக்கும். காலமெல்லாம் மிதித்துப் பதப்படுத்திய பாத்தியில் பூட்டனுக்குப் பெயர் இல்லாமல் போனது இப்படித்தான்.

உப்புக் கணக்கில் அவருடைய பெயர் தனியாக வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது குற்றப் பதிவு. உவர்நிலத்தில் தானாகப் பூத்த உப்பை வழித்து வீட்டுக்கு எடுத்துப் போவதும் அன்றைய சட்டப்படி குற்றம். கைப்பிடி உப்புக்குத் தண்டனை பெற்றவர் பெயரோடும் ஊரோடும் கோப்பில் ஏறினார். கரிசை கரிசையாக விளைவித்தவர் ஏறவில்லை.

பஞ்சம் எழுதியது

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மாகாணத்தின் முதல் குடிக்கணக்கு 1871இல் நடந்தது. பத்து வருஷம் கழித்து எண்ணினால் தலைகள் கூடுவதற்குப் பதில் குறைந்திருந்தன. நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு 1877இல் நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். பஞ்சம் தீராத அந்த நேரத்திலேயே, சென்னை மாகாணத்தில் உப்பு வரியை மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தினார்கள். இரண்டரை ரூபாய் என்பது நாற்பது அணா, அதாவது நிவாரணக் கூலிக்காரரின் நாற்பது நாள் காசு. ஒரு மணங்கு என்பது அஞ்சு பேர் உள்ள வீட்டுக்கு ஏறத்தாழ ஒரு வருஷ உப்பு. அளத்துக்காரர் வீட்டுக் குழம்புக்கும் விலை அதேதான்.

பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் வெட்டியது. 1882இல் கால்வாய் தெற்கே மரக்காணம் வரை வந்து முடிந்தது. மாட்டு வண்டி பார்த்துக்கொண்டிருந்த உப்பு அதன்பின் படகேறிச் சென்னைக்குப் போயிற்று.

அந்த வருஷங்களில் ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஊரோடு இருந்தவரைவிடக் கப்பலேறியவரைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் போய் இறங்கியது தொடங்கி, 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன ஒன்றரை லட்சம் பேருக்கும் வரிசை எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் என்ன தழும்பு என்பது வரை எழுதினார்கள். மொரீஷியஸுக்குப் போனவர்களில் சிலருக்கு, அங்கே மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனக் காப்பகத்தில் புகைப்படமும் உண்டு. உழைப்பை மொத்தமாக விலைக்கு வாங்கியவன் சரக்கைச் சரிபார்க்க எழுதிய அடையாளம், இன்று பேரப்பிள்ளைகளுக்கு முகவரியாகிறது. வீட்டில் ‘கப்பலுக்குப் போனவர்’ என்று ஒருவரைப் பற்றிப் பேச்சு இருந்தால், அண்ணனைத் தேடத் தம்பியின் கப்பல் பட்டியலிலிருந்து தொடங்குவது நல்ல வழி.

இன்னொரு வழி தெற்கே, புதுச்சேரி எல்லைக்குள். பிரெஞ்சு ஆட்சியில் உப்பு விளைவிப்பதை நிறுத்த 1818 உடன்பாட்டின்படி ஆங்கிலேயர் வருஷத்துக்கு 4,000 நட்சத்திரப் பகோடா இழப்பீடு கொடுத்தார்கள், அளம் மூடியது. ஆனால் அந்தப் பக்கத்து ஊர்களில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் எழுதும் குடிப்பதிவு இருந்தது. பூட்டி பிரெஞ்சு எல்லையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவளாக இருந்தால், பூட்டனுக்கு இல்லாத பிறந்த தேதி அவளுக்குக் கிடைக்கலாம்.

இன்று எழுதுவது

1947 ஏப்ரல் 1 முதல் உப்பு வரி இல்லை. ஆனால் பூட்டனை இரண்டாகப் பிரித்த கோடு அழியவில்லை. அரசியல் சாசனத்தில் ஏறியிருக்கிறது. நிலம் மாநிலப் பட்டியலில் 18ஆம் இனம். உப்பு மத்தியப் பட்டியலில் 58ஆம் இனம். வயலுக்குத் தாலுகா அலுவலகம். மத்திய அரசின் அளத்துக்கு ஜெய்ப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட உப்புத் துறை. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த மரக்காணத்து அளங்கள், தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்த பெரிய உப்புக் களம். குத்தகை வைத்திருப்பவர் ஒருவர், பாத்தியில் நிற்பவர் இன்னொருவர்.

வேலையில் பாதி மாறியிருக்கிறது. ஏற்றம் இறைத்த இடத்தில் மோட்டார் ஓடுகிறது. கடல்நீரின் உப்படர்த்தி மூன்றரை டிகிரி. பாத்தி பாத்தியாக மாறி 25 டிகிரிக்கு வந்தால் உப்பு கட்டும். முப்பதை நெருங்கினால் கசப்பு ஏறும். அன்று கண்ணும் நாக்கும் சொன்னதை இன்று ஒரு கண்ணாடிக் குழாய் சொல்கிறது. மாறாதது மிதிப்பது, வாருவது, பெண்கள் தலையில் சுமந்து அம்பாரம் கட்டுவது. படகு போய் லாரி வந்தது. அளத்தை ஒட்டி ஈ.சி.ஆர். ஓடுகிறது. 1965, 66 புயல்களில் அடிபட்ட கால்வாயில் உப்புப் படகு இல்லை. பக்கத்துக் கழுவேலி ஏரி 2021இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதே வருஷம் நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேற, மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மழைக்கும் அளத்துக்கும் உள்ள பழைய பகை அப்படியேதான் இருக்கிறது.

காகிதத்துக்கு இன்று பஞ்சமில்லை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் கைப்பேசியில் வருகின்றன. ஆனால் அந்த வழி பெரும்பாலும் 1980களின் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவுப் புதுப்பிப்புக் கணக்கில் போய் முட்டும். அங்கே ஏக்கரும் சென்டும் ஹெக்டேரும் ஏருமாயின, எண்களும் பல இடத்தில் மாறின. புது எண்ணையும் பழைய எண்ணையும் கோக்கும் ஒப்பீட்டுப் பட்டியலைக் கையில் வாங்காமல் பூட்டன் காலத்துக்குப் போக முடியாது. தேடுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் படி அதுதான்.

உப்புத் தொழிலாளிக்கும் இப்போது பெயர் வந்திருக்கிறது. ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மாநில அரசு தரும் 5,000 ரூபாய்க்கான பயனாளிப் பட்டியல் என்று வரிசையாக இருக்கிறது. கரிசையில் கரைந்த பூட்டனோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். ஆனாலும் எந்த அளத்தில், யாரிடம், எத்தனை வருஷம், என்ன கூலிக்கு என்பதை இந்தக் காகிதம் எதுவும் சொல்வதில்லை. நூறு வருஷம் கழித்துத் தேடப்போகும் பிள்ளைக்கு, தன் பாட்டி உதவித்தொகை வாங்கியது தெரியும். அவள் செய்த வேலை தெரியாது.

அன்றும் சரி, இன்றும் சரி, சர்க்கார் தான் வாங்குவதையும் கொடுப்பதையும்தான் எழுதும். மிச்சத்தை வீட்டார்தான் எழுதிவைக்க வேண்டும். அதற்கு எழும்பூர் போக வேண்டியதில்லை. ‘ஆயா, நீ மொதல்ல எந்த அளத்துல எறங்கின? யாரு கூட்டிக்கினு போனாங்க? அன்னிக்கு என்னா கூலி?’ என்று கேட்டு, ஒரு நோட்டில் வருஷத்தோடு எழுதி, அந்தப் பக்கத்திலேயே பட்டாவின் பழைய எண்ணையும் புது எண்ணையும் குறித்துவைத்தால் போதும். இரண்டு அலுவலகங்கள் இருநூறு வருஷமாகப் பிரித்தே வைத்திருக்கும் ஒரு வாழ்க்கை அந்த நோட்டில் ஒன்றாக இருக்கும்.