மெட்டு பறிபோனால் மீம் போட்டுப் பயனில்லை

சொந்தமாக மெட்டுப் போட்டு, வீட்டு அறையிலேயே பதிவுசெய்து யூடியூபில் ஏற்றும் பிள்ளைகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் மெட்டு இன்னொருவர் பாட்டில் ஒலித்தால் என்ன செய்கிறார்கள்? இரண்டையும் ஒட்டி ஒரு ரீல்ஸ், 'சுட்டுட்டாங்க' என்று ஒரு தலைப்பு, நண்பர்களின் கோபம், நாலு நாளில் மறதி. எழுத்தில் ஒரு புகார் கிடையாது. உங்கள் மெட்டு என்பதற்கு என்ன ஆதாரம் என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய டெமோ என்பார்கள். அதுவும் போன் மாற்றியபோது போயிருக்கும். இதையே திரும்பத் திரும்பப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

எதற்குப் புகார் செய்ய முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ராகம், தாளம், கானா நடை எவருக்கும் சொந்தமில்லை. இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவர் பாட்டில் அவர் சாயல் தெரிவது குற்றமில்லை. கருத்துக்கு உரிமை கிடையாது, அதற்குக் கொடுத்த வடிவத்துக்கே உரிமை என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. ஆனால் மெட்டின் உயிரான பகுதியை எடுத்துவிட்டு, 'கொஞ்சம்தானே' என்று தப்ப முடியாது. 2008-ல், தான் செல்போன் விளம்பரத்துக்கு அமைத்த இசையை 'கிரேஸி 4' இந்திப் படத்தின் பாடல்களில் எடுத்தாண்டதாக ராம் சம்பத் வழக்குப் போட்டார். அந்தப் பாடல்களோடு படத்தை வெளியிட பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 'ஏழு விநாடிவரை எடுக்கலாம்' என்று பலரும் சொல்கிறார்களே, அப்படி ஒரு விதி 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. 'கிரெடிட் டு ஓனர்' என்று போடுவதும் அனுமதி ஆகாது. மறுபடி சொல்கிறேன்: ஏழு விநாடி விதி என்று ஒன்று இல்லவே இல்லை.

ஆதாரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 'பொன்னியின் செல்வன் 2' படத்தின் 'வீரா ராஜ வீர' பாடல் வழக்கைப் பாருங்கள். இந்துஸ்தானிப் பாடகர்களான தாகர் சகோதரர்களின் 'சிவ ஸ்துதி'யிலிருந்து எடுத்தது என்ற வழக்கில், 2025 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஏ.ஆர். ரஹ்மான் தரப்புக்கு எதிராக இடைக்கால உத்தரவிட்டார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. பாடிப் பரப்பியவர் என்பதாலேயே ஒருவர் இயற்றியவர் ஆகிவிட மாட்டார் என்பது அமர்வின் பார்வை. வெளியான பிரதியில் இயற்றியவர் என்று யார் பெயர் இருக்கிறதோ, மறுப்பு நிரூபிக்கப்படும்வரை அவரையே உரியவராகக் கொள்ளச் சொல்கிறது சட்டத்தின் 55-ஆம் பிரிவு. ஆகவே ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் 'இசை' என்று உங்கள் முழுப்பெயரையும் ஆண்டையும் போடுங்கள். சேனல் பெயர் போதாது.

அடுத்தது பதிவு. மெட்டு, வரிகள், ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள், விண்ணப்பமும் தனித்தனிதான். புதுதில்லி துவாரகாவில் இருக்கும் பதிப்புரிமை அலுவலகத்துக்கு இணையத்திலேயே படிவம் 14-ஐ நிரப்பலாம். மெட்டுக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2000 ரூபாய். மெட்டுக்கு ஸ்வரக் குறிப்பும் எழுதி இணையுங்கள். வரிகள் வேறொருவருடையவை என்றால் அவரிடம் ஆட்சேபமில்லைக் கடிதம் வாங்குங்கள். விண்ணப்பத்துக்கான டைரி எண் வந்ததும் பத்திரப்படுத்துங்கள். 30 நாள் ஆட்சேபக் காலம் முடிந்த பிறகுதான் பரிசீலனை. குறை சுட்டிக் கடிதம் வந்தால் கெடுவுக்குள் பதில் எழுதுங்கள். மின்னஞ்சலைத் திறக்காமலே விண்ணப்பத்தைச் சாகவிடாதீர்கள். பதிவு கட்டாயமில்லைதான். ஆனால் 48-ஆம் பிரிவின்படி பதிவேட்டின் நகல் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்று. உங்களுக்கு நீங்களே தபாலில் அனுப்பிக்கொண்ட உறைக்குச் சட்டம் அந்த மதிப்பைத் தரவில்லை.

கைமாற்றும்போதும் கவனம் வேண்டும். 19-ஆம் பிரிவின்படி எழுத்தும் கையெழுத்தும் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்குத்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்தான். சினிமாப் பாட்டென்றால், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர்த்த பயன்பாடுகளில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உள்ள ராயல்டிப் பங்கை எழுதி வாங்க முடியாதபடி 2012 திருத்தம் காக்கிறது. 'முழு உரிமையும்' என்று அச்சடித்த தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

திருட்டு நடந்துவிட்டதா? பாட்டை ஏற்றியிருக்கும் தளத்துக்கு 52(1)(சி) பிரிவையும் 2013 பதிப்புரிமை விதிகளின் 75-ஆம் விதியையும் குறிப்பிட்டு எழுத்தில் புகார் அனுப்புங்கள். படைப்பின் விவரம், உரிமை உங்களுடையது என்பதற்கான சான்று, மீறல் இருக்கும் இணைய முகவரி, 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவேன் என்ற உறுதிமொழி எல்லாம் அதில் இருக்க வேண்டும். தளம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் பாட்டு திரும்ப ஏறிவிடலாம். அந்த 21 நாளைத்தான் நம்மவர்கள் ரீல்ஸ் போட்டே வீணாக்குகிறார்கள்.

காவல் நிலையத்தில் 'இது சிவில் விவகாரம், போங்க' என்று திருப்பி அனுப்பினால் அசையாதீர்கள். 63-ஆம் பிரிவுக் குற்றத்தில் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம் அது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்குப் போட எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே போட 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. நஷ்டஈடு கேட்க, மீறல் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு.