நெருஞ்சியா, ஆனை நெருஞ்சியா?

கீரிமலைப் பக்கத்துச் சுண்ணக்கல் தரை போன்ற வறண்ட கரையோர நிலங்களில் மஞ்சள் பூப்பூக்கும் முட்செடிகள் இரண்டு உண்டு: நெருஞ்சி, ஆனை நெருஞ்சி. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இவை உறவே இல்லாத செடிகள். ஆனை நெருஞ்சி எள்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது!

பூவைக் குனிந்து பாருங்கள். நெருஞ்சிப் பூவில் ஐந்து இதழ்களும் தனித்தனியாக விரிந்திருக்கும். நடுவில் பத்து மகரந்தத் தாள்கள். ஆனை நெருஞ்சிப் பூவோ, எள்ளுப் பூவைப் போல அடியில் குழலாக ஒட்டியிருக்கும், தாள்கள் நான்குதான். நெருஞ்சி தரையோடு படரும், புளியிலை போலச் சிற்றிலைகள். மற்றதற்குச் சதைப்பற்றான, ஓரம் பல்லுப்பல்லான தனியிலை.

பூ இல்லாத காலத்தில் என்ன செய்வது? ஆனை நெருஞ்சியின் பச்சைக் கொப்பை ஒடித்து ஒரு செம்புத் தண்ணீரில் சற்று நேரம் கலக்குங்கள். தண்ணீர் முட்டை வெள்ளைக்கருவாட்டம் கொழகொழத்துவிடும். அருமையான சோதனை இது. நெருஞ்சியில் இப்படி நடக்காது.

மருந்துக்கடையில் காய்ந்த முள்ளாக வாங்குகிறவர்கள் காயைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நெருஞ்சிக் காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும். ஆனை நெருஞ்சிக் காய் பிரியாது. நான்கு மூலை, மூலைக்கொரு முள்.