நிலப் பத்திரங்களில் ஒரு முன்னோர்

அமெரிக்காவின் புல்வெளிகளில் முதன்முதல் ஏர் பூட்டிய தம் முன்னோரைத் தேடுவோர், குடும்பக் கதைகளோடு நில ஆவணங்களையும் புரட்டுதல் நன்று. கதை அவரை வீரராக்கும். ஆவணமோ அவர் வீட்டுச் சன்னல்களை எண்ணிவைக்கும்.

1862-ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டம் ஒருவருக்கு 160 ஏக்கர் வரை அளித்தது. ஆனால், அவர் ஐந்தாண்டுகள் அங்கே குடியிருந்து பயிரிட்டதை இரு சாட்சிகளைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டும். நெப்ராஸ்கா மாநிலத்துப் பியாட்ரிஸ் நகருக்கு அருகே, 1863 சனவரி 1-ஆம் நாள் மனுச்செய்தவர் டேனியல் ஃபிரீமன். அவருக்காக அயலார் கூறிய சாட்சியத்தைப் பாருங்கள்: 14 அடிக்கு 20 அடி வீடு, கதவு இரண்டு, சன்னல் இரண்டு, 100 அடி நீள ஆட்டுக்கொட்டகை, நட்ட ஆப்பிள் மரங்கள் 40, பீச் மரங்கள் சுமார் 400. உழுது வேலியிட்டது ஏறத்தாழ 35 ஏக்கரே! ஐந்தாண்டு உழைப்பின் அளவு அவ்வளவுதான்.

இத்தகைய மனுக்கட்டுகள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தவை. தேடுவோருக்குப் பெயரோடு நிலத்தின் எல்லைக் குறிப்பும் தேவைப்படும். வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய கிரயப் பத்திரம் அதனைத் தரும். முன்னோர் வெளிநாட்டிற் பிறந்தவராயின், குடியுரிமைத் தாளும் மனுக்கட்டில் இருக்கக்கூடும்.

நிலத்தைக் கைவிட்டுச் சென்றோரும் பலர். பட்டா பெறாத அவர்தம் மனுக்களும் காக்கப்பட்டுள்ளன. ஆனால், முன்னர் அங்கு வாழ்ந்த பழங்குடியினர் யாவர் என்பதை அந்தச் சாட்சியப் படிவங்கள் கேட்கவில்லை. அதனை அறிய, அவர்களோடு அரசு செய்த உடன்படிக்கைகளைத் தனியே படித்தல் வேண்டும்.