பகல்லயும் இருட்டா இருக்கா உங்க கிச்சன்? சுவரை இடிக்காம வெளிச்சம் கொண்டுவரலாம்!

வாடகைக்கு வீடு பார்க்கப் போறோம். தண்ணி எப்படி, பைக் நிறுத்த இடம் இருக்கா, அட்வான்ஸ் எத்தனை மாசம்னு எல்லாத்தையும் விசாரிப்போம். ஆனா, கிச்சன் லைட்டை அணைச்சுட்டு ரெண்டு நிமிஷம் உள்ளே நின்னு பார்த்திருக்கோமா? குடிபோன பிறகுதான் விஷயம் தெரியவரும். மத்தியானம் 12 மணிக்கும் அங்க லைட் போடாம வெங்காயம் உரிக்க முடியாது.

எங்க வீட்டுல இது புரியறதுக்கு அம்மா ஊர்லேருந்து வரவேண்டியிருந்தது. கத்திரிக்காயை எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போய் நறுக்கினாங்க. "உள்ளே புழு இருந்தாகூட தெரியலடா"ன்னாங்க. எனக்குப் பழகிப்போன இருட்டு, அவங்களுக்குப் பழகல. வயசாக ஆக கண்ணுக்குள்ள வெளிச்சம் போற துளை சுருங்குது, லென்ஸும் மஞ்சளாகுது. நமக்குப் போதுமான வெளிச்சம் 60 வயசுல இருக்கிறவங்களுக்குப் போதாது. கத்தி, கொதிக்கிற எண்ணெய் எல்லாம் இருக்கிற இடத்துல இது சின்ன விஷயம் இல்லை.

பிரச்னை லைட்டுல இல்ல, நிழல்ல!

வெளிச்சம் பத்தலைன்னா நாம செய்யுற முதல் வேலை, 20 வாட் ட்யூப்லைட்டைக் கழட்டிட்டு அதைவிடப் பெருசா ஒண்ணை மாட்டுறது. பெரும்பாலும் இதனால பலன் இருக்காது. காரணம், நம்ம வீடுகள்ல ட்யூப்லைட் இருக்கிற இடம். கூரைக்கு நடுவுல இருக்கும், இல்லைன்னா நமக்குப் பின்னாடி இருக்கிற சுவர்ல இருக்கும். மேடையைப் பார்த்து நின்னதும், நம்ம தலையும் தோளும் வெளிச்சத்தை மறைச்சு, காய் நறுக்குற இடத்துலயே நிழல் விழும். லைட் பெருசானா அறை பளிச்னு ஆகும், பலகை மட்டும் அப்படியே இருட்டா இருக்கும்.

வெளிச்சம் நமக்கு முன்னாடி, தலைக்கு மேலேருந்து விழணும். மேடைக்கு மேல கப்போர்டோ ஷெல்ஃபோ இருந்தா, அதோட அடிப்பக்கத்துல 2 அடி எல்.இ.டி பேட்டன் ஒண்ணு மாட்டுங்க. சுவரை ஒட்டி மாட்டாதீங்க, ஷெல்ஃபோட முன் விளிம்புப் பக்கம் மாட்டுங்க. அப்பதான் மேடை முழுக்க வெளிச்சம் பரவும். 10 வாட் லைட் கிட்டத்தட்ட 1,000 லூமன் வெளிச்சம் தரும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் எரிஞ்சாலும் மாசத்துக்கு ஒன்றரை யூனிட்தான் ஆகும். எரியுற பல்பு நேரா கண்ணுல படாம, மேல பால் வெள்ளை மூடி இருக்கிறதா வாங்குங்க. மூடி இல்லாத ஸ்ட்ரிப் லைட், பாலீஷ் போட்ட கறுப்பு கிரானைட்ல புள்ளிப் புள்ளியா பிரதிபலிச்சுக் கண்ணைக் கூசவைக்கும்.

ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விடமாட்டேங்கிறாரா? காந்தத்துல ஒட்டுற, சார்ஜ் போடுற லைட் கிடைக்குது. எதுவா இருந்தாலும் அடுப்புக்கு நேர் மேல வேண்டாம். ஆவியிலயும் எண்ணெய்ப் புகையிலயும் டேப் விட்டுப்போய், ஒருநாள் லைட் சாம்பார்ல விழும். ஒயரை சிங்க் பக்கம் தொங்கவிடவும் கூடாது.

எந்தக் கலர் வாங்கலாம்?

பெட்டியில ஒரு எண் போட்டிருக்கும். 3000 கெல்வின்னா மஞ்சள், 6500 கெல்வின்னா நீலம் கலந்த வெள்ளை. நம்ம கடைகள்ல கேட்காமலே 6500-தான் எடுத்துக் கொடுப்பாங்க. என் ஓட்டு நடுவுல இருக்கிற 4000-க்கு. காய்கறி செத்துப்போன மாதிரியும் தெரியாது, மஞ்சள் பூசின மாதிரியும் தெரியாது. அதைவிட முக்கியமானது சி.ஆர்.ஐ. நிறங்களை எவ்வளவு நிஜமா காட்டுதுன்னு சொல்ற அளவு அது. 80 பரவாயில்ல, 90 கிடைச்சா விடாதீங்க. மலிவான லைட்டுகள்ல சிவப்பு சரியா எழும்பாது. மீனோட செவுள் சிவப்பா, பழுப்பான்னு பார்க்குறவங்களுக்கு இது புரியும்.

காசே செலவில்லாத வேலை ஒண்ணும் இருக்கு. ஜன்னல்ல இருக்கிற கொசுவலையைக் கழட்டி சோப்புத் தண்ணியில அலசுங்க. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அது பாதி திரைச்சீலை ஆகியிருக்கும். ஜன்னல் திட்டுல அடுக்கிவெச்ச பாட்டில்களை இறக்குங்க. ட்யூப்லைட்டையும் சுவிட்சை அணைச்சு, ஆறின பிறகு ஈரம் பிழிஞ்ச துணியால துடைங்க.

பெயின்ட் அடிக்க வாய்ப்பு கிடைச்சா, முதல்ல கூரைக்கு அடிங்க. நல்ல வெள்ளை, தன் மேல படுற வெளிச்சத்துல சுமார் 80 சதவிகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும். கறுப்பு கிரானைட் பெரும்பகுதியை விழுங்கிடும். கிரானைட்டை மாத்த முடியாது, சரி. அதுமேல வெள்ளைக் கட்டிங் போர்டு ஒண்ணு போடலாமே! மெரூன் கலர் கப்போர்டு இருக்கிற வீட்டுல மேல் வரிசைக்கு மட்டும் வெளிர் நிற ஸ்டிக்கர் ஒட்டினாலே வித்தியாசம் தெரியும். அடுப்புக்குப் பின்னாடி மட்டும் ஸ்டிக்கர் கூடாது, அது சூட்டுல சுருங்கும், தீப்பிடிக்கவும் செய்யும்.

ஜன்னல்ல கண்ணாடி மாட்டுங்க, வெளிச்சம் ரெட்டிப்பாகும்னு சில வீடியோக்கள்ல சொல்றாங்க. தினம் கடுகு தாளிக்கிற வீட்டுல அதை யார் துடைக்கிறதுன்னு சொல்லல!

டக்ட்டை மறந்துடாதீங்க

அப்பார்ட்மென்ட்ல கிச்சன் ஜன்னல் வானத்தைப் பார்க்கிறதில்லை. பைப் ஓடுற ஒரு குறுகலான டக்ட்டைத்தான் பார்க்கும். அங்க வர்ற வெளிச்சம், சுவர்ல பட்டுப் பட்டு எகிறி எகிறித்தான் கீழே இறங்குது. பாசி படிஞ்ச சிமென்ட் சுவர்னா ஒவ்வொரு எகிறலுக்கும் பாதிக்கு மேல காணாமப்போகும். அந்தச் சுவருக்கு வெள்ளை அடிச்சா கீழ்த்தளங்களுக்குத்தான் அதிக லாபம். அசோசியேஷன் மீட்டிங்ல பேசுங்க. எங்க பிளாக்ல மேல் மாடிக்காரர் "எனக்கென்ன பிரயோஜனம்"னார். ரெண்டு மாசம் இழுத்தது, அடிச்சு முடிச்ச அன்னைக்கு தரைத்தளத்து அக்கா அவருக்கும் சேர்த்துக் கேசரி கிண்டி அனுப்பினாங்க.

சொந்த வீடு, அதுவும் ஓட்டு வீடுன்னா நீங்க கொடுத்துவெச்சவங்க. அடுப்பங்கரைக்கு மேல ரெண்டு மண் ஓட்டை எடுத்துட்டு கண்ணாடி ஓடு போட்டா முடிஞ்சது வேலை. பாட்டி வீட்டுல அப்படி விழுற வெளிச்சத்துல புகை மிதக்கிறதை வேடிக்கை பார்த்தவங்க நம்மில் நிறைய பேர் இருப்போம். தளம் போட்ட வீட்டுல மேல ஓட்டை போடணும்னா இன்ஜினீயரைக் கேட்காம கை வைக்காதீங்க, மழை ஒழுகும். அதுக்குப் பதிலா கிச்சன் கதவோட மேல்பாதியை மங்கல் கண்ணாடியா மாத்தினா ஹால் வெளிச்சம் உள்ளே வரும்.

அடுத்த முறை வீடு பார்க்கப் போனா, பகல்லயே போங்க. புரோக்கர் முந்திக்கிட்டு எல்லா லைட்டையும் போட்டுவிடுவார், கிச்சன் லைட்டை மட்டும் அணைக்கச் சொல்லுங்க. மேடை மேல ஒரு பேப்பரை வெச்சு, அதுல இருக்கிற சின்ன எழுத்தைப் படிச்சுப் பாருங்க. முடியலைன்னா, கூரைக்கு வெள்ளை அடிச்சு, மேடைப் பக்கம் ஒரு லைட் பாயின்ட் வெச்சுக் கொடுக்கச் சொல்லி அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.